அலுமாரியைத் திறந்து பார்த்ததற்கு மன்னிப்பு

பேசாலை,
ஞாயிறு, பூசை முடிந்து.

பெருமதிப்புக்குரிய மச்சாளுக்கு,

மாதாவின் தயவால் நீங்களும் உங்கள் ஆடு கோழிகளும் வெள்ளாங்குளத்தில் சுகமாக இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு வின்சன்ட் எழுதுவது. போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள், அதனால் கடிதம். போன கிழமை சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து, "என்ர மனிசியை வெளியில விடுங்கோ" என்று கத்தி, அலுமாரியைத் திறந்து, கட்டிலுக்குக் கீழே குனிந்து, பிறகு நிமிர முடியாமல் நீங்களே தூக்கிவிட வேண்டி வந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

அது என் யோசனை இல்லை. அதற்கு முதல் நாள் பொலிசுக்குப் போய், உங்கள் தங்கை மதலேனா வியாழன் காலை வெளியே போனவள் திரும்பவில்லை என்றேன். என்ன நிறச் சேலை என்று சார்ஜன்ட் கேட்டார். தெரியாது. உயரம்? என் தோளைத் தொட்டுக் காட்டினேன். என்ன மருந்து, குளிசை எடுக்கிறவ? வெள்ளைக் குளிசை. முப்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தவனுக்கு இதற்குமேல் தெரியவில்லை மச்சாள். கடைசியாக, "வீட்டில ஏதும் சண்டையோ?" என்றார். அது மட்டும் விபரமாகத் தெரிந்தது. பாரைமீன் குழம்பில் உப்புக் கூடியதிலிருந்து நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளியதுவரை சொன்னேன். எல்லாவற்றையும் ஆசையோடு எழுதிவிட்டுப் பேனையை மூடினார்.

"ஐயா, இந்த வயசில பொம்பிளையள் காணாமப் போறேல்ல, கோவிச்சுக்கொண்டுதான் போறவை. தமக்கை வீட்டை இருப்பா. தமக்கை இல்லையெண்டுதான் சொல்லுவா, நம்பாதேங்கோ."

அதனால்தான் அலுமாரி.

திங்களும் பொலிசுக்குப் போனேன். "ஆஸ்பத்திரியளில விசாரிச்சனீங்களோ?" என்றேன். "சண்டைக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்? அடிச்சனீங்களோ?" என்றார். பயந்து எழும்பி வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த தாதி றொஷேல் லீவு முடிந்து முருங்கன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனபோதுதான், பெயர் தெரியாத நோயாளியாகக் கிடந்தவளை அடையாளம் கண்டாள். பிரஷர் கூடி, வலப்பக்கம் இழுத்து, பேச்சு நின்றுவிட்டதாம். வியாழன் பின்னேரம் உயிலங்குளத்தில் விழுந்து கிடந்தவளை யாரோ கொண்டுவந்து சேர்த்தார்களாம். ஐந்து நாள் மச்சாள், இரண்டு பஸ் தூரம்தான். கிளினிக்குக்குக் குளிசை எடுக்கப் போனவளை நான் உங்கள் சேலைகளுக்கு நடுவே தேடியிருக்கிறேன். சேலை நீலம். குளிசை மூன்று விதம், ஒன்றுகூட வெள்ளை இல்லை.

நான் போனால் பார்க்கிறாள். பேச்சு இன்னும் வரவில்லை. என்னோடு கோபமென்றாலும் அவளுக்காக ஒருக்கா வாருங்கோ. சார்ஜன்ட்டைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதி வைத்திருக்கிறேன். அதில் நீங்களும் கையெழுத்து வைக்க வேண்டும்.

மாதா உங்களைக் காக்கட்டும். ஆடுகளையும் கேட்டதாகச் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
வின்சன்ட்

பி.கு.: கையெழுத்து வேண்டாம், முறைப்பாட்டைக் கிழித்துவிட்டேன். அவள் வெளியே போன அந்த வியாழன் மத்தியானமே மீன் வியாபாரி ஹுசைன் நானா வாசலில் தன் வான் வண்டியை நிறுத்தி, "உயிலங்குளம் பஸ் தரிப்பிடத்தில உங்கட மிஸிஸ் மாதிரி ஒராள் சாஞ்சு இருந்தவ, வான் ஓட்டிக்கொண்டு வரேக்க கண்டனான், முகம் சரியில்ல, ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்றார். "அவ கோவத்தில இருக்கிறா நானா, முகம் அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன்.