பன்னிரண்டாவது கை

உலகத்தில் உள்ளர்த்தக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. கொம்பு கிடையாது, வால் கிடையாது, பார்த்தால் சாதாரண மனுஷராகத்தான் தெரிவார்கள். ஒரு படத்தை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி. சாமி ஏன் இடது காலை மடக்கியிருக்கிறார், அரக்கனுக்கு ஏன் மூன்றே மூன்று கொம்பு, அதில் ஒன்று மட்டும் ஏன் நுனி உடைந்திருக்கிறது, பின்னால் பறக்கிற காக்கை யாரைப் பார்த்துக் கத்துகிறது என்று ஆரம்பித்தால், நீங்கள் அடுப்பில் வைத்துவிட்டு வந்த பால் பொங்கி, வழிந்து, வற்றி, கருகி, பாத்திரத்தின் அடி போன பிறகும் முதல் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். 'சும்மா வரைஞ்சிருப்பாங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சும்மா என்பது அவர்களுக்குக் கெட்ட வார்த்தை.

இவர்களில் படித்தவர்களால் பெரிய தொல்லை இல்லை. எங்காவது மேடை கிடைத்தால் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். படிக்காதவர்கள்தான் ஆபத்து. எழுத்துக் கூட்டும் வேலை இல்லாததால் கண் முழுக்கப் படத்திலேயே இருக்கும்.

நம் தையற்கார அம்மா இந்த இரண்டாவது ரகம். வீட்டு முன்னறையில் ஒரே ஒரு தையல் மிஷின். நீளத்தைக் குறைப்பது, இடுப்பைத் தளர்த்துவது, ஜிப் மாற்றுவது, அவ்வளவுதான் தொழில். மருந்துக்கடைக்காரி பாவாடை இடுப்பை இரண்டு அங்குலம் தளர்த்தச் சொன்னால் தளர்த்திவிட்டுப் போக வேண்டியதுதானே? "மனசுல ஏதோ நிம்மதி வந்திருக்கு ஒனக்கு" என்பாள். புருஷன் சாகும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று பதினோரு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் படுத்தால் முதுகுவலி குறைவு என்று அந்த மனுஷனே நாலு தடவை சொல்லியிருந்தார். அதுவா பெரிது?

இப்படிப்பட்டவள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள், விதியைப் பாருங்கள், படம் வரைகிறவள். தேவர்களும் அரக்கர்களும் அடித்துக்கொள்ளும் படக்கதைப் புத்தகம் ஒன்றுக்குப் பின்னறையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வரைவாள். கதை எழுதுகிறவர் வேறு யாரோ, வேறு எங்கேயோ.

தையற்கார அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகம் வந்ததும் மிஷின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, துணி கொடுக்க வந்தவர்களை உட்காரவைத்து அர்த்தம் சொன்னாள். "வயித்துல வாய் வச்ச அரக்கனைப் பாரு. பசிதான் அவனைப் பேச வைக்குது." "சாமி விளக்கை முழங்காலுக்குக் கீழ புடிச்சிருக்காரு, ஏன்? தடுக்கி விழறது காலுதானே, தலையா?" கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். படத்துக்கு மேலே வட்டத்துக்குள் எழுதியிருப்பதை யாராவது படிக்கப் போனால் கையால் மறைப்பாள். "அதெல்லாம் தெரியாதவங்களுக்கு."

அப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மூன்றாவது புத்தகம் வந்தது. அதில் ஓர் அரக்கி வந்தாள்.

மருந்துக்கடைக்காரிதான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டுப் புத்தகத்தை மெல்ல மூடினாள்.

"என்னடி மூடற?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிப் போகுது? தெற."

திறந்தாள். அரக்கியின் கழுத்தில் ஒரு பாம்பு தொங்கியது. மஞ்சள் பாம்பு, உடம்பெல்லாம் வரிசையாகக் கறுப்புக் கோடு. தையற்கார அம்மா தன் கழுத்தைத் தொட்டாள். மஞ்சள் அளவு நாடா, வரிசையாகக் கறுப்புக் கோடு. அரக்கியின் உதட்டோரம் ஊசி ஊசியாகப் பல். இவள் உதட்டோரம் நாலு குண்டூசி. அரக்கியின் வலது கை நண்டுக் கொடுக்கு. இவள் வலது கையில் கத்தரிக்கோல்.

"தற்செயலா இருக்கும்க்கா," என்றாள் மருந்துக்கடைக்காரி.

"நீ மாத்திரை எண்ணற வேலையைப் பாரு."

அன்றிலிருந்து எட்டு நாள் மருமகளோடு பேச்சில்லை. டம்ளரை வைக்கிற சத்தத்தில் பாதி, கதவைச் சாத்துகிற சத்தத்தில் மீதி என்று சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு எதுவுமே புரியவில்லை. புரியாமல் இருப்பதற்கும் ஓர் அர்த்தம் வைத்தாள் மாமியார்: நடிப்பு.

மகன் நடுவில் வந்து மாட்டிக்கொண்டான். "அம்மா, அது படக்கதைம்மா. அதுல பல்லிகூடப் பேசும்."

"பல்லி பேசும்டா. ஒம் பொண்டாட்டி பேசாம வரைஞ்சிட்டாளே!"

ஒன்பதாம் நாள் பையில் ஆறு புடவையை மடித்து வைத்தாள். மிஷின் தலையைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றினாள். தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவது, இனி இந்தப் படி ஏறுவதில்லை. தங்கச்சி வீடு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அங்கே இருப்பது ஒன்றரை அறை, அதில் தங்கச்சியின் குறட்டைக்கே ஓர் அறை வேண்டும். தெரிந்துதான் கிளம்பினாள். ஆனால் இந்த இனத்தின் குணம், கண்டுபிடித்ததைச் சொல்லாமல் செத்தாலும் சாகமாட்டார்கள். பின்னறைக்குப் போய்ப் புத்தகத்தை மேஜை மேல் போட்டாள்.

"இது யாரு?"

"அரக்கி, அத்தை."

"அது எனக்கும் தெரியுது. எந்த அரக்கி? கழுத்துல நாடா, வாயில ஊசி, கையில கத்திரி!"

மருமகள் படத்தைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அவள் கண்ணே விரிந்துவிட்டது. "ஐயையோ, ஆமா அத்தை!"

"ஒத்துக்கிட்டா!"

"இல்ல அத்தை, இருங்க." அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை இழுத்து, பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்தாள். அதே அரக்கி, பென்சிலில். "கதை எழுதறவர் கேட்டு மொதமொத வரைஞ்சு காட்டினது. அடியில தேதி பாருங்க."

எழுத்துதான் தையற்கார அம்மாவுக்குத் தகராறு. எண்ணோடுதான் அவள் பிழைப்பே. மருமகள் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். தாளில் இருந்த தேதி ஐந்து வருஷத்துக்கு முந்தியது.

"அப்ப... இது நான் இல்லயா?"

"சத்தியமா இல்ல அத்தை. அப்ப உங்களை எனக்குத் தெரியவே தெரியாது."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அப்பாடா என்று மிஷினைத் திரும்ப மாட்டப் போவீர்கள். தையற்கார அம்மா உட்கார்ந்தாள். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"இந்த எட்டுக் கண்ணுக்காரி?"

"அது நீங்க இல்ல."

"மேகத்து மேல நிக்கற இந்தக் கெழவி?"

"இல்ல அத்தை."

"இந்த ஆமை?"

"அது ஆமை, அத்தை."

புத்தகத்தை மூடினாள். "மூணு புஸ்தகம். எத்தனை தலை, எத்தனை கொம்பு! ரெண்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன். ஒரு மூலையிலகூட என்னைப் போட ஒனக்கு மனசு வரல, இல்ல?"

எட்டு நாளாக வரைந்ததற்குத் திட்டு, இப்போது வரையாததற்குத் திட்டு. அந்தப் பெண் என்னதான் செய்வாள்? புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பன்னிரண்டு கை சாமி. ஒன்றில் வாள், ஒன்றில் கதாயுதம், ஒன்றில் மின்னல், ஒன்றில் நெருப்பு. இடது பக்கம் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கை.

"இதை மட்டும் உங்களைப் பார்த்துதான் வரைஞ்சேன். நீங்க ஊசியில நூல் கோக்கறப்ப, கதவோரமா நின்னு."

தையற்கார அம்மா குனிந்தாள். பெருவிரல் நகத்தில் நெடுக ஒரு வெடிப்பு. ஆள்காட்டி விரல் நுனியில் சல்லடையாகப் புள்ளி. நடுவிரல் கொஞ்சம் கோணல். தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் ஒரு தூசியும் இல்லை.

"நகத்தையெல்லாமா பார்ப்பா ஒருத்தி," என்று முணுமுணுத்துவிட்டு, போய் மிஷின் தலையை மாட்டினாள். ஆறு புடவையும் அலமாரிக்குத் திரும்பின. தங்கச்சியின் குறட்டை தப்பித்தது.

மறுநாள் காலை மருந்துக்கடைக்காரியைப் பிடித்து உட்காரவைத்தாள். "பார்த்தியா? சாமி கை. என் கை."

மருந்துக்கடைக்காரி நன்றாகப் பார்த்தாள். "அழகா இருக்குக்கா. ஆனா எல்லாக் கையிலயும் ஏதோ ஒண்ணு இருக்கு. ஒங்க கையில மட்டும் ஒண்ணையும் காணோமே?"

மிஷின் நின்றது.

பின்னறைக் கதவு திறந்தது. "ஏம்மா, பதினோரு கையில ஆயுதம் குடுத்திருக்க. என் கை மட்டும் ஏன் வெறுங்கை?"

"சும்மாதான் அத்தை," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

சும்மா! இதை எழுதும்போது மூன்றாவது மாதம் நடக்கிறது. ஆயுதமே தேவைப்படாத கை என்று அர்த்தமா, ஆயுதம் கொடுத்தால் வீடு தாங்காது என்று அர்த்தமா என்று நம் அம்மா இன்னும் தைத்துக்கொண்டே யோசிக்கிறாள். இரண்டு பாவாடை குட்டையாகிவிட்டது. இவ்வளவு உள்விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்றுதானே சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்? சரி. படித்துக்கொண்டு வரும்போது, இந்த மாமியார் நம் வீட்டு ஆளா, இந்த மருமகள் யார், நம்மைத் தெரிந்த யாரோதான் இதை எழுதியிருக்கிறார்களோ என்று ஓரிடத்திலாவது தேடவில்லையா? வீணாகத் தேட வேண்டாம். உங்களை மனதில் வைத்து இதில் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று யோசிக்கிறீர்கள், பார்த்தீர்களா!