ஸ்மோக்கோவில் வேலை பார்த்த குற்றம்

மெல்போர்ன்,
ஆகஸ்ட் 1974

மகா கனம் பொருந்திய மாமா அவர்களுக்கு, கைகூப்பினால் விரல் பிரியாத இந்த மெல்போர்ன் குளிரிலிருந்து மாப்பிள்ளை நரசிம்மன் செய்துகொள்ளும் நமஸ்காரம். நான் சௌக்கியம். மாமியின் முழங்கால் வலியும் கல்யாணியின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வேலை நிரந்தரமானால்தான் கல்யாணியை விமானம் ஏற்றுவேன் என்று தாங்கள் போட்ட நிபந்தனையை நான் மறக்கவில்லை. மீனம்பாக்கத்தில் சொன்ன புத்திமதியையும் மறக்கவில்லை. "மாப்பிள்ளை, மத்தவா உட்கார்ந்திண்டிருக்கச்சே நீங்க வேலை பண்ணுங்கோ. மேலதிகாரி கண்ணுல படும்." ரயில்வேயில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் வாக்காயிற்றே என்று அதை அப்படியே கடைப்பிடித்தேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

டாண்டினாங் பக்கம் நான் வேலை செய்யும் பம்பு தொழிற்சாலையில் காலையில் சங்கு ஊதியதும் எல்லோரும் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். அதற்கு 'ஸ்மோக்கோ' என்று பெயர். இந்த ஊரில் இங்கிலீஷை யாரும் முழுசாகப் பேசுவதில்லை. வார்த்தையைப் பாதியில் வெட்டி, வெட்டின இடத்தில் ஒரு 'ஓ' ஒட்டிவிடுவார்கள். தாங்கள் ஜாதகம் பார்த்துத் தேர்ந்தெடுத்த நரசிம்மன் இங்கே வெறும் 'சிம்மோ'. எல்லோரும் போனபிறகு, தங்களை மனதில் நினைத்துக்கொண்டு, ஆளில்லாத கூடத்தில் நான் மட்டும் லேத்தை ஓட்டினேன். மேனேஜர் எட்டிப் பார்த்து முதுகில் தட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த நிமிஷம் யூனியன் தலைவர் ஸ்டாவ்ரோஸ், கிரேக்கர், கையில் கோப்பையோடு வந்து நின்றார். "நீ இன்னிக்கு ஓட்டினா, நாளைக்கு எங்களையும் ஓட்டச் சொல்லுவான்" என்றார். அவ்வளவுதான், மொத்தத் தொழிற்சாலையும் அன்று முழுக்க வேலையை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றுவிட்டது. முதுகில் தட்டின அதே மேனேஜர் என் புரொபேஷன் காலத்தை நீட்டிவிட்டார்.

மறுநாள் ஸ்மோக்கோவில், ஸ்டோர்ஸில் இருக்கும் யாழ்ப்பாணத்து இந்திரகுமார்தான் என்னைக் காப்பாற்றினார். "ஐசே, உமக்கென்ன விசரே? அது சும்மா தேத்தண்ணி நேரமில்லை, சனம் சண்டை பிடிச்சு வாங்கின நேரம். போய்க் கதிரையில இரும்" என்று இழுத்துக்கொண்டு போய் எல்லோர் நடுவிலும் உட்கார வைத்தார். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சுக் கொடுக்கலாமென்று, இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தொலைத்தேன். போர்மேன் கெவின், "ஆட்டு ரோமம் வெட்டுறவங்க புகை பிடிக்க வேலையை நிறுத்துவாங்க, அதுலேருந்து வந்தது. எங்க தாத்தாவே கத்திரி பிடிச்சவரு" என்றார். ஸ்டாவ்ரோஸ், "கப்பல்ல மூட்டை இறக்கினவங்கதான் ஆரம்பிச்சாங்க. ஆட்டுக்கு ஏது யூனியன்?" என்றார். ஓர் இத்தாலியர் மேஜையைக் குத்தினார். அவர் பீடி சிகரெட் எதையும் தொட்டதே இல்லையாம், ஆனால் ஸ்மோக்கோவுக்காக உயிரையே கொடுப்பாராம். இந்த ரகளையில் என் குற்றம் மறந்தே போயிற்று. இப்போதெல்லாம் சங்கு ஊதியதும் முதல் ஆளாகப் போய் உட்காருகிறேன்.

ஆகவே மாமா, நிரந்தரமாக இன்னும் சில மாதம் ஆகும். கல்யாணி இல்லாமல் வீடு வீடாக இல்லை. வைத்த ரசத்தைச் சாப்பிடக்கூடத் தோன்றவில்லை. மாமனாருக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். தங்கள் நிபந்தனையை மீறச் சொல்ல எனக்கு வாயில்லை. அவசரமே கிடையாது. தங்களுக்கு மனம் வரும்போது அனுப்பினால் போதும். மாமிக்கு என் நமஸ்காரம், வீட்டில் எல்லோருக்கும் அன்பு.

தங்கள் சொல் தட்டாத மாப்பிள்ளை,
நரசிம்மன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் தங்கள் நிபந்தனையை இந்திரகுமாரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் மேஜை முழுவதற்கும் எடுத்துச் சொல்லிவிட்டார். "பொண்டாட்டியைப் பிணையா வச்சிருக்கானா அந்த ஆளு?" என்று ஸ்டாவ்ரோஸ் எழுந்து தீர்மானம் கொண்டுவந்தார். கல்யாணி புறப்படும் தேதி தந்தியில் வரும்வரை இங்கிருந்து ஒரு பம்பும் வெளியே போகாது. மேனேஜர் பயந்துபோய் என்னை உடனே நிரந்தரமாக்கிவிட்டார். தங்களைக் கெஞ்சி ஒரு தந்தியும் அடித்திருக்கிறார். அவசரமே கிடையாது என்று மேலே எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடவும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, மாமா. முதலில் உயர்ந்த கை என்னுடையது.