கண்காணிப்பாளர் தம் கையாலேயே ஏசி ஃபில்டர் மாற்றிய வரலாறு

மனித குலம் இதுவரை மூன்றே மூன்று காரியங்களைத்தான் உருப்படியாகச் செய்திருக்கிறது. நெருப்பை மூட்டியது ஒன்று. சக்கரத்தை உருட்டியது இரண்டு. நடுவயது அதிகாரி ஒருவர் தம் காரின் ஏசி ஃபில்டரைத் தம் கையாலேயே மாற்றியது மூன்று. முதல் இரண்டையும் செய்த புண்ணியவான்கள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. பாவம், அறிக்கை எழுதி வைக்கத் தவறிவிட்டார்கள். மூன்றாவதில் அந்தக் குறையே கிடையாது. பதினேழு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, நான்கு பிரதிகள்.

அந்த அதிகாரியை அலுவலகத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் தெருவிலும்கூடக் கண்காணிப்பாளர் என்றுதான் சொல்வார்கள். நடைமுறை எளிமையாக்கல் பிரிவு அவருடையது. இரண்டு பக்கமாக இருந்த விடுப்பு விண்ணப்பத்தை நான்கு வருடம் பாடுபட்டு எளிமையாக்கினார். இப்போது அது ஏழு பக்கம். "எளிமைங்கிறது லேசுல வந்துடாது சார்" என்பார் அடக்கத்தோடு.

அந்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'நானே செய்தேன்' இயக்கம். ஊழியர் ஒவ்வொருவரும் பிறர் உதவியின்றி வீட்டு வேலை ஒன்றைச் செய்துவிட்டு அறிக்கை அனுப்ப வேண்டும். சிறந்த அறிக்கைக்குப் பரிசு. தலைமை அலுவலகத்தில் சொற்பொழிவு ஆற்றும் 'பாக்கியம்' வேறு. கண்காணிப்பாளர் சுற்றறிக்கையை மூன்று முறை படித்தார். வீட்டில் தாம் செய்கிற வேலை எதுவும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

மனைவிதான் நினைவூட்டினாள். அவள் ஒரு மருத்துவமனையில் டோக்கன் எண் கூப்பிடுகிறவள். பதினோரு வருடமாக "டோக்கன் நாற்பத்தேழு, மூணாம் நம்பர் ரூம்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தக் குரலைக் கேட்டாலே பாதி நோயாளிகளுக்குத் தெம்பு வந்துவிடும். இப்போது ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இருபத்திரண்டாம் தேதி காலை பதினோரு மணிக்குக் குரல் தேர்வு. அந்த வேலை மேல் அவளுக்கு உயிர். ஆனால் காரில் ஏறி ஏசியைப் போட்டால் போதும், புழுதி வாடை குப்பென்று வரும், இருமல் பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது குரல் தகரம் மாதிரி கிடக்கும்.

"என்னங்க, அந்த ஃபில்டரை மாத்திடுங்க. பரீட்சை வருது."

முனைக்கடை மெக்கானிக்கிடம் போனார்கள். அவர் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"பத்து நிமிஷ வேலை சார். நீங்க அப்படி நில்லுங்க, முடிச்சுடறேன்."

"பத்து நிமிஷமா?" கண்காணிப்பாளரின் புருவம் ஏறியது. "திட்டம் இல்லாம, கூட்டம் போடாம, எப்படிப்பா?"

"முன்சீட்டுக்கு எதிர்ல இருக்கற கிளவ் பாக்ஸைத் திறந்து, பழசை உருவிட்டு, புதுசைச் சொருகணும் சார். இதுக்கு எதுக்குக் கூட்டம்?"

பத்து நிமிஷத்தில் முடிகிற வேலையைக் கண்காணிப்பாளர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. எனவே அதை நம்பவும் இல்லை. புது ஃபில்டரை மட்டும் வாங்கிக்கொண்டார். "நானே செய்யறேன்" என்றார். அப்போது தேதி ஒன்று.

அன்று சாயங்காலமே முதல் ஆலோசனைக் கூட்டம் கூடியது. தலைமை, கண்காணிப்பாளர். உறுப்பினர், மனைவி. குறிப்பெடுப்பவர், அவர்களோடு தங்கியிருக்கும் மாமனார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் குறித்துக் குறித்து, எதைப் பார்த்தாலும் நேரத்தோடு எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர்.

"இந்தக் கூட்டத்தின் நோக்கம் என்னவென்றால்..."

"சீக்கிரம் சொல்லுங்க. இருமல் வருது."

"மாமா, இருமலையும் குறிச்சுக்குங்க."

'மாலை 6.10. இருமல், இரண்டு' என்று எழுதிய மாமனார் நிமிர்ந்தார். "ஏன் மாப்ளே, அந்த மெக்கானிக் கிட்டயே விட்டா என்ன?"

"அப்புறம் 'நானே செய்தேன்'னு எப்படி மாமா எழுதறது?"

மாமனார் அதையும் குறித்துக்கொண்டார். கூட்டம் கலைந்தது.

பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் ஆய்வு. ஃபில்டர் மாற்றுவது எப்படி என்ற வீடியோவைக் கண்காணிப்பாளர் தினமும் காலை ஒரு முறை, இரவு ஒரு முறை பார்த்தார். சத்தத்தை முழுசாக வைத்துத்தான் பார்ப்பார். ஆய்வு நடக்கிறது என்று அக்கம்பக்கத்துக்குத் தெரிய வேண்டாமா? 'பெட்டியின் பக்கவாட்டை அமுக்கவும், பெட்டி தொங்கும், பின்னால் மூடி, மூடியில் இரண்டு கிளிப்' என்று அடுப்படி வரைக்கும் கேட்கும். ஆபத்து மதிப்பீடு எழுதினார். கால அட்டவணை எழுதினார். கால அட்டவணை தள்ளிப்போவதற்கு விளக்கக் கடிதம் எழுதி, தமக்குத் தாமே சமர்ப்பித்து, தாமே ஏற்றுக்கொண்டார். மனைவி தினமும் இருமிக்கொண்டே வேலைக்குப் போய், இருமிக்கொண்டே வந்தாள்.

இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சரித்திரம் நிகழ்ந்தது.

இந்த இடத்தில் அந்தக் குடும்பத்தின் கொள்கை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் புதுப் பொருளின் உறையைப் பிரிப்பதில்லை. டிவி ரிமோட் உறைக்குள் இருந்தபடியே வேலை செய்யும். சோபா வாங்கி ஆறு வருடம். இன்னும் யாரும் அதன் துணியைத் தொட்டதில்லை. கார் சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் அப்படியே இருக்கும். மாமனார் உட்கார்ந்தால் ஒரு சத்தம், எழுந்தால் ஒரு சத்தம். "உறை இருக்கிறவரைக்கும்தான் பொருள் புதுசு. பிரிச்சா பழசு" என்பது கண்காணிப்பாளரின் வாக்கு. பிரித்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

கண்காணிப்பாளர் கையுறை மாட்டினார். முகக்கவசம் மாட்டினார். கிளவ் பாக்ஸைக் காலி செய்து, பக்கவாட்டை அமுக்கி, தொங்கவிட்டார். மூடியின் ஒரு கிளிப் கழன்றது. இன்னொன்று அசைய மறுத்தது. நாற்பது நிமிஷம் அதை மிரட்டிக் கெஞ்சி, கடைசியில் மூடியை ஓரமாக வளைத்தே பழைய ஃபில்டரை உருவினார். அடேயப்பா! கன்னங்கரேல் என்று, சருகும் இறகும் செத்த பூச்சியுமாக, நாலு வருடத்துத் தெருவே அதற்குள் இருந்தது.

"இதைத்தான் இவ்வளவு நாளா மூச்சு இழுத்தேனா?" மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது.

"கவலைப்படாத. இனிமே தூசிங்கிற பேச்சுக்கே இடமில்ல."

சொன்னபடியே செய்தார். பளிச்சென்று வெள்ளையாக இருந்த புது ஃபில்டரை, அதன் பிளாஸ்டிக் உறைக்கு ஒரு கீறல்கூட விழாமல், குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் உள்ளே வைத்து மூடினார். தூசியைத் தடுக்கிற பொருள் மேலேயே தூசி படிந்தால் எப்படி? உறையைப் பிரித்துப் போடுகிற மெக்கானிக்குகளுக்கு இந்தத் 'தொலைநோக்கு' வராது.

பலன் உடனே தெரிந்தது. ஏசியைப் போட்டார்கள். உர்ரென்று சத்தம் வந்தது. புழுதி வாடை இல்லை. தூசி இல்லை. ஒன்றுமே இல்லை.

"காத்தே வரலையேங்க?"

"சுத்தமான காத்து அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரிய வேணாம். மேல பட்டாப் போதும்."

"மாப்ளே, முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன்" என்றார் பின்சீட்டு மாமனார், சட்டையைப் பிழியாத குறையாக. "கூட்ட நேரத்துல, படியில தொங்கற சமயத்துலகூட எனக்கு இப்படி வேர்த்ததில்ல."

"தூசி அளவு, பூஜ்யம். எழுதிக்குங்க மாமா."

மாமனார் எழுதினார். 'தூசி, பூஜ்யம். காற்று, பூஜ்யம்.' இரண்டாவதைக் கண்காணிப்பாளர் அடிக்கச் சொல்லிவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும், அந்த இரண்டு நாளும் மனைவிக்குக் காரில் இருமல் வரவில்லை. வெந்து போனாளே தவிர இருமவில்லை. கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

இருபத்திரண்டாம் தேதி காலை மழை கொட்டியது. ஜன்னலைத் திறக்க முடியாது. மூன்று பேரின் மூச்சும் உள்ளேயே சுற்றிச் சுற்றி, முன்கண்ணாடி வெள்ளைத்துணி போர்த்தியதுபோல் ஆகிவிட்டது. எதிரே ரோடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஏசியைக் கூட்டினார், உர்ர் கூடியது. கண்ணாடி தெளியவில்லை. மேம்பாலத்துக்கு அடியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். மணி பத்து இருபது. ரயில் நிலையம் இன்னும் கால் மணி நேரத் தொலைவு.

"வானிலை சம்பந்தப்பட்ட கோளாறு" என்று கண்காணிப்பாளர் முடிவு அறிவித்தார். "மழை விட்டதும் போகலாம்."

"மழை விடறதுக்குள்ள என் நம்பரைக் கூப்பிட்டுடுவாங்க!" அவள் சீட் பெல்ட்டைக் கழற்றினாள். "பதினோரு வருஷமா ஊரார் நம்பரைக் கூப்பிடறேன். என் நம்பர் வர்ற அன்னிக்கு நான் பாலத்துக்கு அடியில உக்காந்திருக்கணுமா? நகருங்க!"

"உனக்கு என்ன தெரியும்? நான் மூணு வாரம் ஆய்வு..."

"நீங்க பார்த்தீங்க. நான் கேட்டேன். எனக்கு மனப்பாடம்."

கிளவ் பாக்ஸில் இருந்ததையெல்லாம் அள்ளி அவர் மடியில் போட்டாள். பக்கவாட்டை அமுக்கினாள். பிடிவாதக் கிளிப்பைப் பார்த்தாள், கொண்டையிலிருந்து ஊசியை உருவி அதன் இடுக்கில் விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். டக்கென்று விட்டது. ஃபில்டரை உருவினாள். கையில் பளபளவென்று உறை.

மாமனார் மூக்கால் சிரித்தார்.

"ஏய், பிரிக்காத! புதுசு!" என்று அலறினார் கண்காணிப்பாளர்.

சர்ரென்று கிழித்தாள். ஃபில்டரின் அம்புக்குறியைப் பார்த்துச் சரியாகச் சொருகி மூடினாள். ஏசியைப் போட்டதும் ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. கண்ணாடி மடமடவென்று தெளிந்தது. அவள் தலைமுடி அவிழ்ந்து பறந்தது. அதைக் கட்டிக்கொள்ளக்கூட நேரமில்லாமல், "வண்டியை எடுங்க" என்றாள்.

மாமனார் நோட்டில் குறித்தார்: '10.21க்கு மகள் திறந்தாள். 10.27க்கு மூடினாள்.'

தேர்வில் அவளை ஒரு அறிவிப்பு படிக்கச் சொன்னார்கள். படித்தாள். இன்னொன்று படிக்கச் சொன்னார்கள். மூன்றாவதையும் படிக்கச் சொன்னபோதுதான் அவளுக்குப் புரிந்தது, குறை கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, கேட்க ஆசைப்பட்டுச் சொல்கிறார்கள் என்று. வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்து அழுதாள், சிரித்தாள், அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

கண்காணிப்பாளருக்கு அன்று நேரமில்லை. அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

'நானே செய்தேன்' அறிக்கையை அலுவலகத் தட்டச்சர் அடித்தார். படங்களை உதவியாளர் ஒட்டினார். பியூன் தைத்துக் கொடுத்தார். பத்தாம் பக்கத்தில், 'சோதனை ஓட்டத்தில் காற்றோட்டம் மேலும் செம்மைப்படுத்தப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. யாரால் என்று வரவில்லை. பதினைந்தாம் பக்கத்தில், 'சிறப்புக் கருவி: கொண்டை ஊசி, ஒன்று. கண்டறிந்தவர்: அறிக்கையாளர்.' பதினேழாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில், 'உதவியவர்கள்' என்பதற்கு நேரே, தெளிவான கையெழுத்தில்: 'எவருமில்லை.'

முதல் பரிசு வேறு யாருக்குப் போகும்?

சொற்பொழிவுக்குப் புறப்படுகிற அன்று காலை, மேசை மேல் இருந்த அறிக்கையை மனைவி புரட்டிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தை இன்னொரு முறை படித்தாள். மூடி வைத்தாள்.

"உங்க ரயில் எத்தனை மணிக்கு?"

"பத்தே கால்."

"நல்லதாப் போச்சு. எனக்கும் காலை டியூட்டிதான்."

ரயில் நிலையத்தில் கண்காணிப்பாளர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். உள்ளே அறிக்கை, பிளாஸ்டிக் உறையில். சபையோருக்குக் காட்ட அந்தக் கொண்டை ஊசி, இன்னொரு உறையில். பத்து மணிக்கு ஒலிபெருக்கி பேசியது. இருமலோ கரகரப்போ இல்லாத, மணி அடித்தாற்போன்ற குரல். ஒன்றாம் நடைமேடையிலிருந்து ஐந்தாம் நடைமேடை வரை ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அடுத்தவர் பொருளைத் தம்முடையது என்று எடுத்துச் செல்வது குற்றம். எடுத்தவர்கள் உரியவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பயணத்தைத் தொடரவும்."

வழக்கமாக இதை ஒரு முறைதான் சொல்வார்கள். அன்று மூன்று முறை சொன்னார்கள்.

நடைமேடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். கண்காணிப்பாளரும் பக்கத்திலிருந்தவர்களைச் சந்தேகத்தோடு ஒரு பார்வை பார்த்தார். பிறகு தம் பையைத் திறந்து தொட்டுப் பார்த்துக்கொண்டார். அறிக்கை இருந்தது. ஊசி இருந்தது. இரண்டுக்கும் உறைகூடப் பிரியவில்லை.