வாத்தியாருக்கு நான் கொடுத்த பழைய கடவுச்சொல்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பயந்து நடுங்கி எழுதுவது. நாங்கள் இங்கே நலமா இல்லையா என்பது காலையில்தான் தெரியும். நீங்கள் அங்கே நலமாக இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களை விட்டால் எனக்கு வேறு கதி கிடையாது. அத்தையிடம் இதைக் காட்டாதீர்கள். காட்டினால் அவர் அம்மாவுக்குப் போன் செய்வார். செய்தால் நான் செத்தேன்.

நீங்கள் மருந்துக் கிடங்கு வேலையை விட்டுப் போனபின் அந்த இடத்துக்கு அம்மா வந்தாள் அல்லவா? இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. கிடங்கில் என்னென்ன கம்ப்யூட்டர் இருக்கிறது, எது எந்த மூலையில் இருக்கிறது என்று முழுப் பட்டியல் வேண்டும் என்று மேனேஜர் போன வாரமே சொல்லிவிட்டார். இன்று அம்மா வேலை முடிந்து கிளம்பும்போது, "காலையில லிஸ்ட் என் மேஜைல இருக்கணும்மா. இல்லேன்னா வெளியாளைக் கூப்பிட்டுப் பாத்துக்கிறேன், நீங்க சிரமப்பட வேண்டாம்" என்றாராம். சிரமப்பட வேண்டாம் என்று அவர் சொன்ன விதத்தை அம்மா எங்களுக்கு நடித்தே காட்டினாள். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சாம்பாரைப் பார்த்துக்கொண்டார்.

பட்டியல் எடுக்கும் முறை உங்களுக்குத் தெரியாததா? பட்டியல் எடுக்கும் புரோகிராமில் முதலில் டைரக்டரி சர்வரைப் பதிய வேண்டும். கிடங்கில் வேலை செய்கிறவர்கள், இயந்திரங்கள் எல்லாருடைய பெயரும் அதனிடம் இருப்பதால் நீங்கள் அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்தீர்கள். அப்புறம் நீங்கள் பெயர் வைத்த மற்ற சர்வர்கள் சாது, சிடுமூஞ்சி, தூங்குமூஞ்சி மூன்றையும், எதில் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடுகிறது, எந்தப் பெயரில், எந்தக் கடவுச்சொல்லில் உள்ளே போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். பதிந்துவிட்டுத் தேடலைத் தொடங்கினால் அதுவே வீடு வீடாகக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரும். இருக்கும் இடத்தை மட்டும் அம்மா கையால் நிரப்ப வேண்டும். "சிடுமூஞ்சி: படிக்கட்டுக்குக் கீழே, துடைப்பத்துக்குப் பின்னால்" என்று அவள் போன வாரம் சுற்றிப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறாள்.

சாப்பாடு முடிந்ததும் அம்மாவுக்குத் தலைவலி. "நீ நாலு சர்வரையும் பதிஞ்சு மட்டும் வைடி. தேடலை நான் வந்து தொடங்கறேன், நீ தொடாதே" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். நான் பதிந்தேன். நன்றாகத்தான் பதிந்தேன். அதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் கை சும்மா இருக்கவில்லை மாமா, தொடங்கு என்று இருந்ததை அழுத்திவிட்டேன். அம்மா எழுந்து வரும்போது பட்டியல் தயாராக இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அம்மா கடவுச்சொல்லை முந்தாநாள் மாற்றிவிட்டாள் என்பது திரையில் நாலு சர்வரின் வரியும் சிவப்பான பிறகுதான் ஞாபகம் வந்தது. நான் கொடுத்தது பழையது. அதை எடுத்துக்கொண்டு தேடல் ஒவ்வொரு சர்வர் வாசலிலும் போய், நான்தான் அம்மா, கதவைத் திற என்று தட்டியிருக்கிறது. இவ்வளவு தடவை தப்பாகச் சொல்கிறவள் திருடியாகத்தான் இருக்க வேண்டும் என்று வாத்தியார் அம்மாவின் கணக்கையே பூட்டிவிட்டார்!

அந்த நேரம் பார்த்து அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். "என்னம்மா, சிவப்பு சிவப்பா இருக்கு? நல்லதா கெட்டதா?"

"நல்லதுப்பா."

"அப்ப சரி. நிறைய இருக்கே" என்று திருப்தியாகப் போய்ப் படுத்துவிட்டார். அம்மா உள்ளேயிருந்து, "முடிஞ்சுதாடி?" என்றாள். "முடிஞ்சுதும்மா" என்றேன். அதுவும் ஒருவகையில் உண்மைதானே.

இப்போது நான் போர்வைக்குள் இருக்கிறேன். இதை எழுதுவது நீங்கள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில். கிடங்கில் கழித்துவிட்டது என்று அம்மா எனக்குப் படிக்கக் கொடுத்தாள், வாயாடி என்ற பெயர்கூட இன்னும் மாறவில்லை. பதிந்தது நடு அறையில் இருக்கும் அம்மாவின் கம்ப்யூட்டரில், அதே பட்டியலை இதிலும் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் மேனேஜர் கேட்பார், அம்மா உள்ளே போகப் பார்ப்பாள், போக முடியாது. சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவளே வாசலில் நின்றால் யார் வேலையில் வைத்திருப்பார்கள்? உங்களிடம் கேட்கலாம் என்று போன வாரமே சொன்னேன். "அவன்கிட்ட கேட்டா ஒரு வேலையைச் செஞ்சுட்டு ஒரு வருஷம் சொல்லிக்காட்டுவான்" என்றாள். நீங்கள் எனக்குச் சொல்லிக்காட்டிக்கொள்ளுங்கள் மாமா, ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பூட்டை எப்படித் திறப்பது என்று மட்டும் சொல்லுங்கள். பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டாலே லேப்டாப்பைப் பாதி மூடிவிடுகிறேன்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முதுகுவலி சீக்கிரம் குணமாகட்டும். நான் பெரியவளாகி உங்களுக்கு நல்ல நாற்காலி வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாவப்பட்ட மருமகள்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம்! நாலு வரியும் பச்சையாகிவிட்டன! எப்படி என்று தெரியவில்லை, நான் எதையும் தொடவில்லை. பட்டியல் தானாக வளர்ந்துகொண்டே போகிறது. நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.

இன்னொன்று: பட்டியலின் கடைசியில் புதிதாக ஒரு வரி வந்திருக்கிறது. பெயர், வாயாடி. நிலை, இயங்குகிறது. கழித்துவிட்டார்கள் என்றார்களே, வாத்தியார் இதன் பெயரை இன்னும் அடிக்கவில்லை போலிருக்கிறது. இடம் என்ற கட்டம் காலியாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் எழுத்து வருகிறது மாமா. நடு அறையில் யாரோ கீபோர்டைத் தட்டுகிற சத்தமும் கேட்கிறது. "இடம்: போர்வைக்குள்." பக்கத்துக் கட்டத்திலும் வருகிறது: "அரை மணி நேரத்துல தானாத் திறக்கிற பூட்டுடி அது. புதுக் கடவுச்சொல்லைப் போட்டு நானே தொடங்கிட்டேன். இதுக்குப் போய் உன் மாமாவை எழுப்பாதே. நாளைக்குப் பேசிக்கலாம்."

நாளைக்குப் பேசிக்கலாம் என்கிறாள் மாமா. மேனேஜருக்குக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. காலடிச் சத்தம் கேட்கிறது, மூடுவதற்குள் அனுப்பிவிடுகிறேன். பூட்டைப் பற்றி ஒன்றும் வேண்டாம். விடிந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு, ஏதோ தற்செயலாக ஞாபகம் வந்ததுபோல, "உன் பொண்ணு நல்ல பொண்ணுக்கா" என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.