மீரானுக்கு என்னவென்று எழுதுவது?

லெப்பைக்குடிக்காடு,
1946 மே 9

கண்ணியம் மிக்க மச்சான் ஷேக் தாவூது அவர்களுக்கு, மதார் எழுதும் ஸலாம். இங்கு நானும் உங்கள் தங்கை குல்சுமும் பிள்ளைகளும் ஆண்டவன் கிருபையால் சுகம். திருச்சியில் தங்கள் சுகத்துக்கு எழுதவும். சுகம் என்று வழக்கத்துக்குத்தான் எழுதினேன், எனக்கு மனசு சுகமில்லை.

நம் தெரு ஹஃபீசாவைத் தெரியுமல்லவா, ரங்கூனில் கடை வைத்திருந்த மீரானின் சம்சாரம். ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து அவனிடமிருந்து ஒரு கடிதாசு இல்லை. மூன்று பிள்ளைகளும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று காலம் தள்ளுகின்றன. சர்க்கார் அரிசி கார்டு இவளுக்கும் வாங்கித் தரலாமென்று மனு எழுதி, அவளுக்குக் கையெழுத்து வராததால் நானே கையெழுத்துப் போட்டு, கரியில் ஓடும் பஸ் ஏறிப் பெரம்பலூர் போனேன். குமாஸ்தா வைத்திலிங்கம், "குடும்பத் தலைவர் எங்க பாய்?" என்றார். "ரங்கூன்ல இருக்காருங்க" என்றேன். "அப்ப ரங்கூன்லயே கார்டு வாங்கிக்கட்டும்."

மறுவாரம் போய், இருக்கிறாரா என்பதே தெரியாது என்றேன். "தெரியாதுன்னு எழுத ஃபாரத்துல எடமில்லீங்களே. காலமாயிட்டார்னு எழுதுங்க, விதவைன்னு இப்பவே கார்டு தரேன்" என்றார். நல்ல மனுஷன்தான், பேனாவைக்கூட நீட்டினார். நானும் எழுதினேன். அவளைக் கேட்காமல் கொடுக்க மனசு வராமல், ஊருக்கு எடுத்து வந்து படிச்சுக் காட்டினேன் பாருங்க மச்சான், அங்கதான் கெட்டுச்சு. வாங்கி அடுப்பில் வைத்துவிட்டாள். "புள்ளைங்க கெழங்கே திங்கட்டும்ண்ணே. அரிசிக்காக அவங்கள நான் மவுத்தாக்க மாட்டேன்" என்றாள். மூன்றாம் தடவை போய் இதை அப்படியே சொன்னேன். வைத்திலிங்கம் என் பழைய மனுவை எடுத்துப் பார்த்துவிட்டு, "பாக்கறேன், போயிட்டு வாங்க" என்றார். அதோடு சரி, ஒரு மாதமாகப் பேச்சு மூச்சில்லை.

இனி யாருக்கும் மனு எழுதுவதில்லை என்று தலையில் அடித்துச் சொல்லிவிட்டேன். தெரிந்த வக்கீலிடம் கேளுங்கள்: உசுரோட இருக்கானான்னே தெரியாத மனுஷனை சர்க்காரில் என்னவென்று எழுதுவது?

பெரியவர்களுக்கு என் ஸலாம், சின்னஞ்சிறுசுகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
தங்கள் மச்சான் மதார்

பி.கு.: கடிதாசைத் தபாலில் போடுமுன் நாலு நாள் ஓடிவிட்டது. வக்கீலைக் கேட்க வேண்டாம். கார்டு வந்துவிட்டது. மனுவில் கையெழுத்துப் போட்டவனையே தலைவனாக்கிவிட்டார் வைத்திலிங்கம்: குடும்பத் தலைவர் மதார், சம்சாரம் ஹஃபீசா, பிள்ளை மூன்று. ஒருவனுக்கு இரண்டு கார்டு கூடாதென்று நம் வீட்டுக் கார்டை ரத்து செய்துவிட்டார்கள். இன்று காலை ஹஃபீசா நமக்கு இரண்டு படி அரிசி கொடுத்தனுப்பினாள். குல்சும் சோறாக்குகிறாள், என்னோடு பேசுவதில்லை.