ஒரே பெயரில் இரண்டு

கோப்புக்குப் பெயர் வைக்கச் சொல்லி மனிதர்களை அண்டர்ஸ்கோர் அளவுக்கு வதைத்தவன் காவிரிக்கு இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் நான், அவன், ரஃபி மூவரும் கம்ப்யூட்டர் பஸ் விளையாட்டு ஒன்றுக்கு எங்கள் ஊர் வண்டிகளைச் செய்து சேர்த்துக்கொண்டிருந்தோம். பெயின்ட், ஹாரன், சாலை எல்லாம் எங்கள் கைவேலை.

ஒவ்வொரு கோப்பிலும் முதலில் செய்தவன் பெயர், பிறகு ஊர், பிறகு அது என்ன என்பது, கடைசியில் எண். நடுவில் இடைவெளி கூடாது, அண்டர்ஸ்கோர் என்கிற அடிக்கோடுதான். அவனுக்குப் பட்டப்பெயர் அப்படி வந்தது. ‘புதுசு’, ‘ஃபைனல்’ என்று வைத்தவனைச் சோறு தின்ன விடமாட்டான்.

"ஒரே பேர்ல ரெண்டு இருந்தா ஒண்ணு செத்துரும்டா" என்பான், இழவு சொல்ல வந்தவன் மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் செத்தன. வீட்டு வாசலில் பதிவு செய்த ஆட்டுச் சத்தத்துக்கு ரஃபி ‘டோர்’ என்று பெயர் வைத்தான்; பஸ் கதவுச் சத்தத்துக்கும் அதே பெயர். அன்றிலிருந்து ஒரத்தநாட்டு வண்டி கதவு திறக்கும்போதெல்லாம் அறுபடும் ஆடாக அலறியது. இன்னொரு முறை பயணிகள் முகத்துக்கான படத்தின் மேல் சீட்டு ரெக்சின் படம் ஏறிவிட்டது. கண்ணே இல்லாமல் அத்தனை பேரும் எங்களையே பார்த்தார்கள்.

ஒரு மழைப் பகலில் அண்டர்ஸ்கோர் டீ வாங்கப் போனான். ரஃபி, அண்டர்ஸ்கோருடைய பென் டிரைவில் இருந்ததையெல்லாம், காப்பி எடுக்காமல் கட் பண்ணி, விளையாட்டுக்குள் ஏற்றினான். வண்டியை ஓட்டினோம். உள்ளே ஒரு பயணிகூட இல்லை. குடவாசல் நிறுத்தத்தில் நின்றதும் ஒரு பெரியவர் குரல் கேட்டது.

"குடவாசல் இறங்குங்க. மெதுவாம்மா... புள்ளயப் புடிச்சுக்குங்க."

எங்களில் யார் குரலும் இல்லை.

"யார்றா அது?" என்றேன்.

"எனக்கென்னடா தெரியும்! பேய்டா!"

ரஃபி தேடினான். பெயர் வெறும் ‘ஸ்டாப்’. செய்தவன் பெயர் இல்லை. தன்னுடைய ‘ஸ்டாப்’ ஒன்றை அதன் மேல் போட்டான். பழையதை அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

வாசலில் டீ டம்ளர்கள் விழுந்தன.

"தொடாதடா! எங்கப்பாடா அது!"

அவன் அப்பா குடவாசல் வண்டியில் கண்டக்டர். போன வருடம் இறந்துபோனார். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. ரஃபியின் கையை மௌஸிலிருந்து பிடுங்கி எறிந்தேன்.

"ஊருக்கெல்லாம் பேர் வைக்கச் சொல்றியே, இதுக்கு ஏன்டா வைக்கல?" என்று கத்தினேன்.

"கண்டக்டர்னு வச்சா யாரோ மாதிரி இருக்கு. அப்பான்னு அடிக்கக் கை வரலடா."

நானே ‘அப்பா’ என்று டைப் அடித்தேன். எண் போடப் போனபோது தடுத்தான்.

"வேணாம்டா. இன்னொண்ணு வராது."

இப்போது அவன் ஷார்ஜாவில் இருக்கிறான். போன் செய்தால் நலம்கூட விசாரிப்பதில்லை.

"குடவாசல் வண்டி ஓடுதா?"

"ஓடுதுடா."

எனக்குப் பொய் வராது. அதனால் தினமும் அந்தக் காலி வண்டியை எடுக்கிறேன். குரல் கேட்டதும், எல்லோரும் இறங்கி முடியும்வரை நிறுத்தி வைக்கிறேன்.