நான் தொடங்கி வைத்த தோட்டாத் தட்டுப்பாடு

துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவன் நான். அப்படிப்பட்டவன் விட்பி என்ற ஊரில் ஒரு துப்பாக்கிச் சாமான் கடை வாசலில், மனைவியையும் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு, தோட்டா வாங்க வரிசையில் நின்றேன் என்றால் ஒருவரும் நம்புவதில்லை. நின்றது உண்மை. அந்த வரிசையை உண்டாக்கியவனும் நான்தான் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

என் மகள் தாரணி மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். ஓய்வு நாட்களில் மண்தட்டு சுடுவாள். (ஒரு எந்திரம் தட்டை வானத்தில் வீசும். அது விழுமுன் சுட வேண்டும். தட்டுக்கு நம்மோடு எந்தப் பகையும் இல்லை.) அவளைத் துப்பாக்கிக் கிளப்புக்குக் காரில் கொண்டுபோய் விடுவது என் வேலை. ஆனால் விதி தெரியாத ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. நகரசபையின் அனுமதிப் பிரிவில் முப்பது வருடம் மற்றவர்களின் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பி ஓய்வு பெற்றவன் நான். ஆகவே நானும் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, துப்பாக்கி உரிமம் எடுத்தேன். தாரணியைவிட எனக்குப் புள்ளி கூட. (இதை நான் அடிக்கடி சொல்வதில்லை. வாரத்துக்கு ஒருமுறைதான்.)

நான் வரிசையில் நின்ற அந்த வாரம், ஞாயிறன்று மாகாண அணிக்கான தேர்வு. இரண்டு வருடமாக அவள் அதற்குத்தான் பழகினாள். நூறு தட்டு, நூறு தோட்டா, அதாவது நாலு பெட்டி. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும்போது சொன்னாள்:

"அப்பா, எனக்கு இந்தக் கிழமை ஃபுல் ஷிஃப்ட். நான் பாவிக்கிற தோட்டாவில நாலு பெட்டி எடுத்து வையுங்கோ. வேற ஒண்டும் செய்யாதேங்கோ, ப்ளீஸ்."

வேறு ஒன்றும் செய்யாதே என்று என்னிடம் சொல்வதே பிழை.

கடைக்குப் போனேன். தோட்டா அடுக்கில் பாதிக்கு மேல் காலி. இருந்த பெட்டிகளில் நாலை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். உரிம அட்டையைக் கேட்டார்கள். கொடுத்தேன். அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது போட்டோக்கொப்பி."

"ஓம், நல்ல தெளிவான கொப்பி" என்றேன் ஆங்கிலத்தில்.

எங்கள் ஆட்கள் முக்கியமான அட்டை எதையும் வெளியே கொண்டு திரிவதில்லை. மூலம் வீட்டில், பிளாஸ்டிக் உறைக்குள், பூட்டிய அலுமாரியில் இருக்கும். பணப்பையில் இருப்பது பிரதி. ஒரு முறை எல்லாப் பத்திரங்களையும் தொலைத்துவிட்டு ஓடி வந்தவர்களுக்கு இது இயல்பு. அந்தப் பெண்ணுக்கு இதை எப்படி விளக்குவது? பெட்டிகளை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அத்தோடு பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பொறுப்புள்ள உறுப்பினன் அல்லவா? கார் தரிப்பிடத்தில் இருந்தபடியே கிளப்பின் செய்திக் குழுவுக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் எழுதினேன். விட்பி கடையில் இருப்பு மிகக் குறைவு என்பதை அறியத் தருகிறேன். கைண்ட்லி பதற்றமடைய வேண்டாம். கைண்ட்லி தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். எழுத்துப் பிழை உண்டா என்று இரண்டு தரம் பார்த்து அனுப்பினேன்.

அடுத்த நாள் காலை மூல அட்டையோடு போனால், கடை வாசலில் இருந்து தெரு வரைக்கும் ஆட்கள். பாதிப்பேர் எங்கள் கிளப். கதவில் புதிதாக ஒரு தாள்: ஆளுக்கு ஒரு பெட்டி மட்டும்.

வரிசையைக் கண்டதும் எனக்குள் ஏதோ நடந்தது. ஊரில், போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த காலத்தில், கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்ற வரிசை அப்படியே முன்னால் வந்து நின்றது. மண்ணெண்ணெய் ஆளுக்கு அளந்துதான் கிடைக்கும். ஆகவே வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் போய் நிற்போம். மூளை கணக்குப் போட்டது: நாலு பெட்டிக்கு நாலு பேர். ஸ்காபரோவில் உள்ள வீட்டுக்குத் திரும்பி ஓடி, மனைவி புவனத்தையும், பக்கத்து வீட்டுக் கணேசண்ணையையும், அவர் மனைவி சரசக்காவையும் காரில் ஏற்றினேன்.

"என்ன குடுக்கிறாங்கள் தம்பி?" என்றார் கணேசண்ணை, சப்பாத்தை மாட்டிக்கொண்டே.

"பிறகு சொல்லுறன் அண்ணை. முதல்ல வரிசையில நிப்பம்."

அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. அதே சங்கக்கடையில் நின்றவர்தான்.

கவுண்டரை அடைந்தோம். நேற்றைய அதே பெண். நான் மூல அட்டையைப் பெருமையோடு நீட்டினேன். அவள் என் பின்னால் நின்ற புவனத்தைப் பார்த்தாள். "உங்கள் உரிமம்?" புவனம் கைப்பையைத் துழாவி சுகாதார அட்டையைக் கொடுத்தாள். சரசக்கா நூலக அட்டையை எடுத்தார். கணேசண்ணை வாகன உரிமத்தை மேசையில் வைத்து, "கிளீன் றெக்கோட்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டா வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் உரிமம் வேண்டும். அதற்கான பரீட்சையில் நான் தாரணியைவிடக் கூடப் புள்ளி எடுத்தவன்.

"இவை யாருக்கு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எல்லாம் இவருக்குத்தான்" என்றார் மனச்சாட்சி சுத்தமான மனிதரான கணேசண்ணை, உடைந்த ஆங்கிலத்தில். "நாங்கள் ஹெல்ப்புக்கு வந்தனாங்கள்."

அவள் ஓரடி பின்வாங்கி, முகாமையாளரைக் கூப்பிட உள்ளே போனாள். ஆள் வைத்துத் தோட்டா சேர்த்தான் என்று அறிக்கை போனால் என் அட்டை போகும். அது போகட்டும். ஒரே வீட்டில் இருப்பவள் என்று தாரணியையும் விசாரிப்பார்கள். ஞாயிறு போய்விடும். இரண்டு வருடமும் போய்விடும்.

"இஞ்சருங்கோ," என்றாள் புவனம் மெதுவாக, "நாங்கள் என்ன வாங்க வந்தனாங்கள்?"

சொன்னேன். அவள் சுகாதார அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் திரும்பப் போட்டாள். அதைவிட ஏசியிருக்கலாம்.

முகாமையாளர் வந்தார். களைத்த முகம். எங்கள் நாலு பேரையும், மேசையில் கிடந்த நூலக அட்டையையும் பார்த்தார். நான் விளக்கத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்களையும் பயப்படுத்திவிட்டானா?" என்று தன் தொலைபேசியை நீட்டினார். யாரோ வாடிக்கையாளர் அவருக்கு அனுப்பியிருந்த என் அறிவித்தல். "நேற்று ஒரு புத்திசாலி இதை அனுப்பியிருக்கிறான். அதிலிருந்து நான் உட்காரவில்லை. செவ்வாய்க்கிழமை இந்த அடுக்கு எப்போதும் காலிதான். பிறம்ரன் கிடங்கில் இருந்து லொறி புதன்தோறும் வரும்."

புவனம் எட்டிப் பார்த்து வாசித்தாள். நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள்.

"ரெண்டு கைண்ட்லி" என்றாள் தமிழில். பிறகு முகாமையாளரிடம் ஆங்கிலத்தில், "அந்தப் புத்திசாலி இவர்தான்."

அவர் தொலைபேசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்பதற்குள் பின்வாசலில் லொறி பின்னுக்கு வரும் கீச்சொலி கேட்டது. பெட்டிகள் அடுக்கடுக்காக உள்ளே வந்தன. அவற்றைக் கண்டதும் வரிசையில் பாதிப்பேர் ஒன்றும் வாங்காமலே கலைந்து போனார்கள். அவர்களுக்குத் தோட்டா தேவைப்படவில்லை. இல்லாமல் போய்விடும் என்ற பயம்தான் இருந்தது. முகாமையாளர் கதவில் ஒட்டிய தாளைக் கிழித்தார். என் பெயரில், என் ஓர் அட்டைக்கு, நாலு பெட்டியும் கிடைத்தன.

"அடுத்த முறை போன் பண்ணுங்கள்," என்றார், "எடுத்து வைப்போம்." எனக்குத் தெரியாத நடைமுறை அது ஒன்றுதான்.

வெளியே வந்து காரில் ஏறியதும் நாலு பேரும் மூச்சு விட்ட சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. கணேசண்ணை மட்டும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு இருந்தார். "இவ்வளவு நேரம் நிண்டு, ஒரு பால்மா பெட்டிகூட இல்லை."

ஞாயிறு தாரணி தெரிவானாள். கதை அவளுக்கு அதற்கு முன்பே எட்டிவிட்டது. அணிக்கு உதவுபவர்களுக்குக் கிளப் கொடுத்த மேலங்கிகளில் முதுகில் பெயர் இருந்தது. என் முதுகில் 'மிஸ்டர் கைண்ட்லி'. இன்றைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். பலருக்கு என் சொந்தப் பெயர் தெரியாது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். போன கிழமை புவனம் அரிசி வாளியைத் திறந்து பார்த்தாள். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, தாரணிக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அரிசி முடியுது. அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை."